பிடில் உடைத்த நாட்டில் ஒரு மெட்டல் குழு

நார்வேயின் பெர்கன் நகரில் ஃபான்டாஃப்ட் என்றொரு மரத் தேவாலயம் இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் வேறோர் ஊரில் கட்டப்பட்டது. 1883-இல் பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுவந்து பெர்கனில் மறுபடி நிறுத்தினார்கள். 1992 ஜூன் 6 அன்று யாரோ வைத்த தீயில் அது எரிந்து சாம்பலானது. அடுத்தடுத்து வேறு தேவாலயங்களும் எரிந்தன. பிளாக் மெட்டல் என்ற இசை வகையைச் சுற்றிக் கூடியிருந்த இளைஞர்கள் சிலர் பிடிபட்டுத் தண்டனை பெற்றார்கள். 1993-இல் மேஹெம் குழுவின் கிதார் கலைஞர் யூரோனிமஸ் கொல்லப்பட்டார். கொன்றவரும் அதே வட்டத்து இசைக் கலைஞர்தான். மெட்டல் இசை என்றால் தேவாலயத்துக்குத் தீ வைப்பவர்களின் இசை என்று உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளிய காலம் அது. ஏறக்குறைய அதே காலத்தில், ஆஸ்லோவை ஒட்டிய பெக்கெஸ்டுவா என்ற ஊரில், எஸ்பெவால் குடும்பத்துச் சகோதரர்கள் பீட்டரும் கிறிஸ்டரும் அவர்களுடைய உறவினர் டேவிட் ஹுஸ்விக்கும் சேர்ந்து ஒரு மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். பெயர் எக்ஸ்டால். போற்றிப் புகழ்வது என்று பொருள். அவர்கள் போற்ற நினைத்தது கிறிஸ்துவை.

இந்தத் தகவலைக் கேட்டதும் இரண்டு வகை ஆட்களுக்கு இரண்டு வகைச் சிரிப்பு வரும். தேவாலயத்துக்குப் போகிறவர், “இந்தக் காட்டுக் கத்தலுக்கும் ஆராதனைக்கும் என்ன சம்பந்தம்?” என்பார். மெட்டல் ரசிகர், “பிரசங்கம் பண்ண வந்தவர்களுக்கு கிதார் ஒரு சாக்கு” என்பார். இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதுபோல் தெரிந்தாலும், இருவர் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல். இருவருமே பாட்டின் வரியை மட்டும் பார்க்கிறார்கள். ஒருவருக்கு வரி சரி, சத்தம் தப்பு. இன்னொருவருக்குச் சத்தம் சரி, வரி தப்பு. வரியும் சத்தமும் கழற்றி மாட்டக்கூடிய இரண்டு பொருள்கள் என்ற நினைப்புதான் இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. எக்ஸ்டால் குழு 1998 முதல் 2013 வரை வெளியிட்ட ஐந்து முழு ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டால் இந்த நினைப்பு நிற்காது என்பது என் கட்சி. ஒரு குழுவின் இசையில் விசுவாசம் என்ன வேலை செய்கிறது என்பதை வரியைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. இசை கட்டப்பட்டிருக்கும் விதத்தைக் காதுகொடுத்துக் கேட்டால்தான் பிடிபடும்.

முதலில் ‘கிறிஸ்தவ மெட்டல்’ என்ற பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்வோம். இது இசையின் பெயர் போலத் தோன்றினாலும் கடையின் பெயர். அமெரிக்காவில் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் தனியான ஒரு சந்தை. அங்கே பைபிளுக்கும் பக்திக் கதைகளுக்கும் பக்கத்து அலமாரியில் இசைத்தட்டுகள் இருக்கும். பெற்றோர் பயமில்லாமல் வாங்கித் தரலாம். கலிஃபோர்னியாவின் ஸ்ட்ரைப்பர் குழு 1986-இல் வெளியிட்ட ‘டு ஹெல் வித் த டெவில்’ ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றபோது இந்தச் சந்தையின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. மேடையிலிருந்து கூட்டத்தை நோக்கிப் பைபிள்களை வீசியவர்கள் அவர்கள். அதன் பிறகு ஒவ்வொரு பிரபல மதச்சார்பற்ற குழுவுக்கும் ஒரு கிறிஸ்தவப் பதிலி தேடுவது வணிகர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அந்தக் குழு பிடிக்குமா, அப்படியானால் அதே மாதிரி ஒலிக்கும் இந்தக் குழுவைக் கேள் என்ற ஒப்பீட்டுப் பட்டியல்கள்கூட அந்தச் சந்தையில் புழங்கின. மருந்துக் கடையில் விலையுயர்ந்த மாத்திரைக்கு மாற்று மாத்திரை தருவார்களே, அந்த ஏற்பாடு. இதைப் பார்த்தவர்கள் கிறிஸ்தவ மெட்டல் என்றாலே நகல் என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை. அந்தக் குற்றச்சாட்டில் பெரும்பங்கு நியாயம்தான்.

முழு நியாயம் இல்லை என்பதற்கு எக்ஸ்டாலுக்கு முன்பே சான்று உண்டு. பென்சில்வேனியாவைச் சேர்ந்த பிலீவர் என்ற குழு 1990-இல் ‘சானிட்டி அப்ஸ்க்யூர்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அதிவேகத் த்ராஷ் மெட்டல் பாடல்களின் நடுவே ‘டியஸ் இரே’ என்றொரு பாடல். இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய பழைய லத்தீன் பாடலின் பெயர் அது. அதில் வயலினும் ஓப்பராப் பாணிப் பெண்குரலும் மெட்டல் கிதாருடன் நேருக்கு நேர் மோதின. சிம்பொனி இசைக்குழுவும் மெட்டல் குழுவும் சேர்ந்து வாசிப்பது ஐரோப்பாவில் பெரிய வணிகமாக ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. 1993-இல் வந்த ‘டைமென்ஷன்ஸ்’ ஆல்பத்தில் அதே குழு பல பகுதிகளாக நீளும் ஒரு படைப்பையே செய்தது. நகல் எடுக்கிறவர்களுக்கு மூலம் முன்னால் இருக்க வேண்டும். இங்கே மூலமே பிந்தி வந்தது. பிலீவரின் ஒரு பாடலை எக்ஸ்டால் பின்னாளில் தன் பாணியில் வாசித்துப் பதிவு செய்தது. யார் வழியில் வந்தோம் என்று அவர்கள் சொல்லாமல் சொன்ன இடம் அது.

நார்வேயில் கதை வேறு மாதிரி. அங்கே லூத்தரன் திருச்சபை நூற்றாண்டுகளாக அரசின் திருச்சபை. 2012-இல் அரசமைப்பைத் திருத்தி, 2017-இல்தான் நிர்வாகத்தையும் பிரித்தார்கள். பெரும்பாலோர் பிறந்ததும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்; ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவோர் கொஞ்சம். கிறிஸ்தவன் என்பது எல்லோருடைய முகவரியிலும் இருந்த, யாரும் படித்துப் பார்க்காத ஒரு வரி. அந்தச் சலிப்பின்மேல்தான் பிளாக் மெட்டல் இளைஞர்கள் தீப்பந்தத்தை வீசினார்கள். ஆனால் வீசிய கையோடு அவர்களும் ஒரு திருச்சபையைக் கட்டிவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முகத்தில் இன்ன வண்ணம், ஒலிப்பதிவு இவ்வளவு கரடுமுரடாக, பாடலில் இந்தச் சொற்கள், யார் உண்மையானவர், யார் வேஷக்காரர் என்று விதி வகுத்தார்கள், மீறியவரை விலக்கினார்கள். கலகம் சீக்கிரமே வேதாகமம் ஆகிவிட்டது. 1994-இல் ஆஸ்திரேலிய இசைக் கலைஞர் ஜேசன் ஷெர்லாக், ஹோர்டு என்ற பெயரில் ஒற்றை ஆளாக ‘ஹெல்லிக் உஸ்வார்ட்’ ஆல்பத்தைக் கொண்டுவந்து இவர்களைச் சீண்டினார். கருமையற்ற புனிதம் என்பதுபோல் பொருள்படும் தலைப்பு. இசை அச்சு அசலாக பிளாக் மெட்டல். வார்த்தைகள் மட்டும் தலைகீழ். துணிச்சலான காரியம், எரிச்சலூட்டவும் செய்தது. ஆனால் இசை என்ற அளவில் அது எதிராளியின் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது. சாத்தான் என்ற இடத்தில் கிறிஸ்து என்று போட்டால் போதும் என்று அது நம்பியது. எக்ஸ்டால் அந்த வழியில் போகவில்லை. அதுதான் இந்தக் குழுவைப் பற்றிப் பேசக் காரணம்.

1998-இல் வந்த முதல் ஆல்பமான ‘பெரியல்’, அடக்கம் என்ற பொருளுள்ள தலைப்புடன், டெத் மெட்டலின் அழுத்தத்தையும் பிளாக் மெட்டலின் பனிக்காற்றையும் ஒன்றாக வைத்தது. வரிகளில் ஒளிவுமறைவு இல்லை. இயேசு இறப்பதற்காகவே பூமிக்கு வந்தார் என்று நார்வேஜிய மொழியில் தலைப்பிட்ட பாடலே அதில் இருக்கிறது. சுவிசேஷக் கூட்டத்து வாசகம்தான். அந்த இடங்களில் வார்த்தை இசையைவிட ஓரடி முன்னால் ஓடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆல்பத்தில் உறுமல் குரல் நின்று, திடீரென்று வேறொரு தெளிந்த குரல் இழைந்து எழும். வேகமான தாளம் உடைந்து மெதுவான ஒரு வெளி திறக்கும். 2000-இல் வந்த ‘அன்டிசீவ்ட்’ இதை இன்னும் விரித்தது. ஒளியும் நிழலும் பற்றி என்று பொருள்படும் தலைப்பில் அதில் ஒரு பாடல் உண்டு. குழுவைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்குப் பின்னாளில் அந்தத் தலைப்பையே வைத்தார்கள். பொருத்தமான தேர்வு. இரட்டைக் கால்முரசு இடியாய் விழும் பகுதிக்கும் கம்பி வாத்தியங்கள் தனித்து ஒலிக்கும் பகுதிக்கும் நடுவே பாலம் போடாமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தூக்கி எறியும் இசை அது. கேட்பவர் எந்தப் பகுதியிலும் நிம்மதியாகக் காலூன்ற முடியாது.

மூன்றாவது ஆல்பத்துக்கு வருவதற்கு முன் புராக்ரசிவ் மெட்டல் என்பதைத் தமிழ் வாசகருக்கு ஓரிரு வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். ராக் இசையின் பெரும்பகுதி நான்கெண்ணும் தாளத்தில் நடக்கும். தலையை ஆட்டியபடி பின்தொடரலாம். புராக்ரசிவ் மெட்டலில் ஏழு, ஐந்து என்று எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். மிஸ்ர சாபுவில் பழகிய காதுக்கு ஏழு புதிதல்ல. ஆனால் கச்சேரியில் ஒரு கீர்த்தனை முழுக்க ஒரே தாளம் நிற்கும், இங்கே ஒரே பாட்டுக்குள் ஏழு ஐந்தாகி, ஐந்து நான்காகி, மறுபடி ஏழாகும். சரணம், பல்லவி என்று திரும்பி வரும் வடிவமும் பெரும்பாலும் இராது. இரண்டு கிதார்கள் ஒத்தும் விலகியும் தனித்தனி வழியில் நடக்கும். 2003-இல் வந்த ‘சினர்ஜி’ இந்த வகையில் எக்ஸ்டாலின் உச்சம் என்பது என் மதிப்பீடு. அதிவேகமான த்ராஷ் வாசிப்பும் ஜாஸ் இசையின் சாயலுள்ள சுரக்கூட்டங்களும் அதில் ஒரே மூச்சில் வருகின்றன. ‘கன்ஃபெஷன் ஆஃப் இனடிக்வசி’ என்று ஒரு பாடல். போதாமையின் பாவ அறிக்கை என்று சொல்லலாம். (கருத்தரங்கக் கட்டுரைபோலத் தலைப்பு வைப்பது இந்தக் குழுவின் தீராத வியாதி.) ‘நிஹிலிசம் 2002’ என்று இன்னொன்று. வெற்றியாளர்களின் துதிப்பாட்டு வைக்கும் பெயர்களா இவை? நான் போதாதவன் என்று சொல்ல வந்தவன் நான்கெண்ணும் தாளத்தில் கைதட்டிக்கொண்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? தாளம் இடறுகிறது, கிதார்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன, தெளிந்த குரல் எட்டிப்பார்த்துவிட்டு மறைகிறது. தலைப்பு ஒப்புக்கொள்ளும் போதாமையைக் கேட்பவரின் உடம்பு உணர்கிறது. வரி சொல்வதை இசையும் சொல்வதாக இதற்கு விளக்கம் தருவதுகூடக் குறைவான பேச்சு. உறுமல் குரலில் வரி காதில் விழுவதே இல்லை. குரல்நாண்களுக்கு மேலிருக்கும் மடிப்புகளை அதிரவைத்து எழுப்பும் அந்தக் குரலில் ஆங்கிலம் தாய்மொழியானவருக்கும் பத்தில் இரண்டு சொல் பிடிபட்டால் அதிகம். அட்டையிலுள்ள சிறு புத்தகத்தைப் பிரித்தால்தான் வார்த்தை தெரியும். பிரசங்கம்தான் நோக்கம் என்றால் இதைவிட மோசமான ஒலிபெருக்கி உலகத்தில் கிடையாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும், வர வேண்டும். மாறும் தாளமும் மோதும் சுரமும் உறுமலும் மென்மையும் ஸ்வீடனின் ஓபெத் குழுவிலும் இருக்கின்றன, ஃபுளோரிடாவின் டெத் குழுவிலும் இருக்கின்றன. அவர்கள் கிறிஸ்தவர்களா? இல்லையென்றால் வடிவத்தில் விசுவாசம் இருக்கிறது என்பது நாம் ஏற்றிச் சொல்வதுதானே? இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. ஏழெண்ணும் தாளத்துக்கு மதம் கிடையாது. ஃபுளோரிடாவின் சினிக் குழு 1993-இல் ‘ஃபோகஸ்’ ஆல்பத்தில் கிட்டத்தட்ட இதே கருவிகளைக் கொண்டு கீழைத்தேய ஆன்மிகத் தேடலைச் செய்தது. ஆகவே எக்ஸ்டாலின் இசையை வரிகள் இல்லாமல், பெயர் தெரியாமல் கேட்கும் ஒருவர் “இவர்கள் கிறிஸ்தவர்கள்” என்று கண்டுபிடிக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது அதைவிடச் சின்னது. விசுவாசிகள் என்று தெரிந்த பிறகு, அந்த விசுவாசம் எப்படிப்பட்டது, ஆறுதல் மாத்திரையா அல்லது போராட்டமா, என்று தெரிந்துகொள்ள வரி உதவாது, வடிவம் உதவும். ‘கிருபை’ என்ற சொல் மோசமான பாட்டிலும் வரும், நல்ல பாட்டிலும் வரும். கிருபை எளிதில் கிடைப்பதில்லை என்று ஒரு பாடல் நினைக்கிறதா என்பதை, அந்தத் தெளிந்த மெட்டு எத்தனை இடர்ப்பாட்டுக்குப் பிறகு வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதிலிருந்து அறியலாம்.

திருச்சபை இசையே இதைப் பல நூற்றாண்டாகச் செய்துவந்திருக்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் மத்தேயு பாடுகளின் இசை 1727-இல் லைப்சிக் நகரத்தின் தோமா தேவாலயத்தில் ஒலித்தது. யாரை விடுவிக்க வேண்டும் என்று பிலாத்து கேட்கும் இடத்தில் கூட்டம் “பரபாஸ்” என்று ஒற்றைச் சொல்லில் கத்தும். அந்த ஒரு சொல்லுக்கு பாஹ் கொடுத்திருப்பது காதைக் கிழிக்கும் ஒரு சுரக்கூட்டு. நம் கணக்கில் சட்ஜமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம் அதற்குள் இரண்டு தடவை அடங்கியிருக்கிறது. சொல்லை எடுத்துவிட்டாலும் அந்தக் கணத்தின் கொடூரம் போகாது. அதே சட்ஜம-பிரதிமத்யம தூரத்தில்தான் 1970-இல் பிரிட்டனின் பிளாக் சபத் குழு தன் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை அமைத்தது. மெட்டல் பிறந்தது அங்கே என்பார்கள். பாஹ் அந்த ஒலியை மனிதப் பாவத்தைக் காட்ட எடுத்தார், பிளாக் சபத் அச்சத்தைக் காட்ட எடுத்தது. விசுவாசமுள்ள மெட்டல் குழு ஒன்று அதைக் கையில் எடுக்கும்போது வேற்று வீட்டுப் பண்டத்தைத் திருடுகிறது என்று எப்படிச் சொல்வது? இந்த இடத்தில், மெட்டல் என்பதே மதத்துக்கு எதிரான கலகம், அதில் கிறிஸ்தவனுக்கு இடமில்லை என்ற ரசிகரின் வாதமும் ஆட்டம் காண்கிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த கீசர் பட்லர் 1971-இல் பிளாக் சபத்துக்காக எழுதிய ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ பாட்டு, கடவுளை ஏளனம் செய்பவரைப் பார்த்து வெளிப்படையாகவே கேள்வி கேட்கிறது. மெட்டலின் தொட்டிலிலேயே கிடந்த ஒன்றை இருபது வருடம் கழித்து வந்த நார்வே இளைஞர்கள் தீட்டு என்று அறிவித்தார்கள், அவ்வளவுதான்.

தேவாலயத் தரப்பின் மறுப்பு இதைவிடப் பழையது. அதற்குப் பதில் நார்வேயிலேயே இருக்கிறது. அந்த நாட்டின் தேசிய வாத்தியம் என்று சொல்லத்தக்க ஹார்டாங்கர் பிடிலில், வில் படும் தந்திகளுக்குக் கீழே வில் படாத நாலைந்து தந்திகள் ஓடும். மேலே வாசிக்க வாசிக்கக் கீழே தானாக ரீங்காரம் எழும். நம் சித்தாரின் தரப் தந்திகளை நினைத்துக்கொள்ளலாம். கல்யாணத்திலும் களிநடனத்திலும் ஒலித்த இந்த வாத்தியத்தை 19-ஆம் நூற்றாண்டின் பக்தி எழுச்சி இயக்கங்கள் பிசாசின் வாத்தியம் என்றன. மனந்திரும்பியவர்கள் தங்கள் பிடில்களைத் தாங்களே உடைத்தார்கள், எரித்தார்கள். மில்லர்குட்டென் என்று பெயர்பெற்ற டெலிமார்க் பிடில் கலைஞர் டோர்கெய்ர் அவுகுன்சன் தன் ஆன்மாவை விற்றுத்தான் அந்த விரல்களை வாங்கினார் என்று ஊர் பேசியது. 1849-இல் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஓலே புல் அவரைத் தலைநகரத்து மேடையில் ஏற்றியபோதுதான் படித்தவர்கள் அதைக் கலை என்று ஒப்புக்கொண்டார்கள். இன்று அதே பிடில் தேவாலயத்துக்குள் ஆராதனையில் ஒலிக்கிறது, யாருக்கும் உறுத்துவதில்லை. கத்தலில் பக்தி இருக்க முடியாது என்பவர்களிடம் பைபிளின் சங்கீதப் புத்தகத்தையும் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அதன் 88-ஆவது சங்கீதம் புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஆறுதலாக ஒரு திருப்பம்கூடக் கிடையாது. அதை ஆராதனைக்கு உகந்த மெட்டில் பாடச் சொன்னால் எந்த மெட்டில் பாடுவீர்கள்?

எக்ஸ்டாலின் பாதை முழுக்க ஏறுமுகம் என்று சொல்ல வரவில்லை. ‘சினர்ஜி’க்குப் பிறகு கிதார் கலைஞர்கள் கிறிஸ்டர் எஸ்பெவாலும் ஓலே போருடும் விலகினார்கள். 2005-இல் வந்த ‘த ப்ளூபிரின்ட் டைவ்ஸ்’ வேறு கைகளில் உருவானது. பாடல்கள் நேரான ராக் வடிவத்தை நோக்கிச் சரிந்தன, தெளிந்த குரலுக்கு இடம் கூடியது, தாளச் சிக்கல் குறைந்தது. அதில் நல்ல பாட்டுகள் உண்டு. ஆனால் தெளிந்த குரல் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும்போது அதன் விலை இறங்கிவிடுகிறது. முந்தைய ஆல்பங்களில் கிருபைபோல வந்த மெட்டு இங்கே சம்பளம்போல மாதாமாதம் வந்துவிடுகிறது. வரிகளின் விசுவாசம் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் இசையிலிருந்த போராட்டம் தளர்ந்தது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது: நம்பிக்கை மாறாமலிருந்தும் வடிவம் மாறினால் கேட்பவருக்குக் கிடைப்பது மாறுகிறது. 2007-இல் குழு ஓய்வெடுத்துக்கொண்டது.

ஓலே போருடைப் பற்றி இங்கே நின்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் ‘கிறிஸ்தவ இசை’ என்ற அலமாரியை அதிகம் குழப்பியவர் அவர்தான். நார்வேயில் பேர்பெற்ற நற்செய்திப் பாடகர் ஆர்னால்டு போருடின் மகன். 1980-களில் குடும்பக் குழுவில் சிறுவனாகப் பாடியவர். இளைஞனானதும் ஷாலியாக் என்ற இரட்டையர் குழுவில் நத்தை வேகத்து டூம் மெட்டல் வாசித்து, 1996-இல் ‘சன்ரைஸ்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். பிறகு எக்ஸ்டாலில் அதிவேகம். அங்கிருந்து விலகியபின் 2008-இல் ‘ஷேக்கின் த கிரவுண்ட்’ என்ற தனி ஆல்பத்துடன் வந்தார், கேட்டவர்கள் திகைத்தார்கள். 1970-களின் கலிஃபோர்னியா பாப், மழமழவென்ற ஊதுகுழல்கள், ஸ்டீலி டேன் குழு நினைவுக்கு வரும் ஜாஸ் சுரங்கள்! ஒரே மனிதர், ஒரே விசுவாசம், மூன்று நேரெதிர் வடிவங்கள். இதிலிருந்து வடிவம் வெறும் சட்டை, மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் முடிவு செய்யக்கூடும். எனக்கு அப்படிப் படவில்லை. அவருடைய பாப் ஆல்பத்தில் இருக்கும் மகிழ்ச்சியை ‘சினர்ஜி’யில் சொல்ல முடியாது, ‘சினர்ஜி’யில் இருக்கும் குற்ற உணர்வை அந்த ஊதுகுழல்களால் சொல்ல முடியாது. அதை அறிந்தவராக இருப்பதால்தான் வெவ்வேறு இடத்துக்குப் போய் வெவ்வேறு கருவியை எடுக்கிறார். வரி மட்டும் போதுமென்றால் ஒரே பாணியில் ஆயுள் முழுக்கப் பாடி முடித்திருக்கலாமே.

2012-இல் குழு மீண்டும் கூடியபோது பீட்டர், டேவிட், ஓலே என மூவர் இருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்துக்குக் குழுவின் பெயரையே வைத்தார்கள். ‘பிட்ரேயல்’, துரோகம், என்ற பாடலும் மனிதரின் கைக்கெட்டாத ஒரு கொடை என்று பொருள்படும் தலைப்புள்ள பாடலும் ஒரே தட்டில் இருக்கின்றன. இங்கே தெளிந்த மெட்டுகள் முந்தையதைவிட இனிமையானவை, ஓலேயின் பாப் காலம் விட்டுப்போன தடயம் தெரிகிறது. ஆனால் தாளம் மறுபடி கால் வாருகிறது. இனிமைக்கு மறுபடி விலை வந்துவிட்டது. இருபது வயதில் இரண்டு ஒலிகளையும் மோதவிட்டவர்கள், நாற்பதை நெருங்கும்போது மோதல் ஓயாமலேயே இரண்டையும் ஒரே பாட்டில் உட்காரவைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பையும் ஒதுக்கக் கூடாது. இப்படி வடிவம், தாளம், சுரக்கூட்டு என்று பேசுவது படித்த ரசிகனின் சலுகை; சாதாரண விசுவாசிக்கு வேண்டியது பாடக்கூடிய பாட்டு, எக்ஸ்டாலை எந்தச் சபையாலும் கூடிப் பாட முடியாது என்பார்கள். உண்மை, முடியாது. சபையார் பாடுவதற்கான பாட்டும், உட்கார்ந்து கேட்பதற்கான இசையும் இரண்டு வேறு வேலைகள். மத்தேயு பாடுகளில்கூடச் சபைக்குப் பழக்கமான கோரல் மெட்டுகள் இடையிடையே வரும். மற்ற பகுதிகளைத் தேர்ந்த பாடகர்கள்தான் பாட முடியும். கூடிப் பாட முடியாததால் ஒன்று ஆராதனைக்கு அந்நியமாகிவிடாது. அதேபோல, மெட்டல் ரசிகர் அரங்கில் தலையாட்டிவிட்டுப் போவதால் அவர் மனந்திரும்பிவிட்டார் என்று மகிழ்வதற்கும் ஒன்றுமில்லை. அவர் நல்ல இசையைக் கேட்டார்; அதை அப்படியே விட்டுவிடுவதில் சுவிசேஷத்துக்கு நஷ்டம் எதுவும் நேராது.

‘சினர்ஜி’ வெளிவந்தபோது நார்வேயின் முதன்மையான இசை விருதுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. அந்த விருதின் பெயர் ஸ்பெல்லமன். நார்வேஜிய மொழியில் அதற்குப் பொருள், ஊர்க் கூட்டத்தில் பிடில் வாசிப்பவன்.